உறையாத ரத்தமும் ஓர் அடைப்பும்

எனக்கு மாரடைப்பு வராது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினேன். எனக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா. ரத்தம் உறைய வேண்டுமென்றால் அதில் சில பொருள்கள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றான எட்டாவது காரணி என் உடம்பில் மிகக் குறைவு. மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் நிற்கிற ரத்தம் எனக்கு நாள் கணக்கில் கசியும். வெளியே தெரியும் காயத்தைவிட உள்ளே மூட்டுகளில் இறங்கும் ரத்தம்தான் பெரிய பேஜார். முழங்கால், முழங்கை, தோள் என்று ஏதாவது ஒன்று வீங்கிக்கொண்டே இருக்கும். மாரடைப்பு என்பதோ இதயத்துக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. உறையவே உறையாத ரத்தம் எப்படி அடைக்கும்? இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

என் மனைவி புஷ்பாவின் அண்ணன் எட்வின், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிறார். அவருக்குச் சில வருடங்களுக்கு முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சாப்பிட வந்தால் என் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

“மாப்ள, கொழுப்ப கொஞ்சம் கொறச்சிக்கோ. வயசு ஆவுதுல்ல?”

“அதெல்லாம் உன்ன மாதிரி ரத்தம் கெட்டியா கீறவங்களுக்கு மச்சான். எனக்கு தண்ணியாட்டம் ஓடும்” என்று சொல்லிவிட்டு அவர் ஒதுக்கி வைத்த கறித்துண்டையும் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

எட்வின் எங்கள் வீட்டுக்கு வருவதில் ஒரு சிக்கல் இருந்தது. அவர் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அந்த மாத்திரை உள்ளே வரக் கூடாது. அவர் அதை வண்டிப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். வெடிகுண்டு வைத்திருப்பவன் மாதிரி தன்னை நடத்துவதாகப் புலம்புவார். புஷ்பா அசைந்து கொடுக்க மாட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு சாமுவேல் என்று ஓர் அண்ணன் இருந்தான். அவனுக்கும் இதே நோய். பல் பிடுங்கிய இடத்தில் கசிந்துகொண்டிருந்தபோது, வலிக்கு என்று யாரோ ஆஸ்பிரின் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அது ரத்தத்தை மேலும் உறையவிடாமல் செய்யும் என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கசிவு நிற்கவில்லை, அண்ணன் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் ஆன அன்று அம்மா புஷ்பாவைத் தனியே அழைத்து, “இவன் வாயில அந்த மாத்திர மட்டும் போவக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மா இப்போது இல்லை. சத்தியம் இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் நான் பல் தேய்த்து முடித்ததும் புஷ்பா டார்ச் லைட்டோடு வந்து நிற்பாள். “வாயத் தொற” என்பாள். ஈறில் எங்கேனும் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு டீ கிடைக்கும்.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் எடை மேடை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்த வேலை என்பதால் என் மூட்டுகளுக்குத் தோதானது. அன்று காலை கேபின் ஜன்னல் இறுகிக்கொண்டது. கோபத்தில் பலமாக இழுத்துவிட்டேன். சிறிது நேரத்தில் இடது தோளில் வலி தொடங்கியது. கையின் உட்பக்கமாக முழங்கை வரை இறங்கியது.

ஹீமோபிலியா உள்ள வீட்டில் வலிக்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ ரத்தம் இறங்குகிறது. பல்வலி, இடுப்புவலி, எதுவானாலும் முதலில் அதைத்தான் நினைப்போம். ஐஸ் வைப்போம், அசையாமல் படுப்போம், ஃபேக்டர் ஊசி போடுவோம். ஃபேக்டர் என்பது எனக்குக் குறைவாக உள்ள அந்த எட்டாவது காரணிதான். தூளாக வரும், தண்ணீரில் கலக்கி நரம்பில் ஏற்ற வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். அவசரத்துக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எப்போதும் இருக்கும். ஊசி போட அங்கேயே புஷ்பாவுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இத்தனை வருடப் பழக்கம் எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. அன்று அதுவே எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

சரக்கோடு வந்திருந்த பள்ளிப்பட்டு ஓட்டுநர் ஒருவர் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, ஏசி ரூம்ல குந்திகினு இப்டி வேர்த்து ஊத்துது?”

“தோள்ல ரத்தம் எறங்கிடுச்சு. ஊட்டுக்குப் போய் ஊசி போட்டா சரியாய்டும்.”

“வா, நான் உட்டுட்டு வரேன்.”

“முதல்ல வண்டிய மேடையில ஏத்து. சீட்டு வாங்கிக்கினு போலாம்” என்றேன். நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போது லாரிக்கு எடை போட்டுக் கொடுத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பா வழக்கப்படி எல்லாம் செய்தாள். தோளில் ஐஸ் வைத்தாள். மருந்தைக் கலக்கி நிதானமாக ஏற்றினாள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் வலி மட்டுப்படும், எனக்கும் தூக்கம் வரும். அன்று வலி ஏறிக்கொண்டே போனது. குமட்டியது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. காற்று போதவில்லை என்று எழுந்து, சுவரில் உயரத்தில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரைத் திருகினேன்.

புஷ்பா ஐஸ் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“இப்ப இன்னா பண்ண?”

“வெக்கையா கீது, ஃபேன ஏத்தனேன்.”

“எந்தக் கையால?”

அப்போதுதான் கவனித்தேன், இடது கையால். தோளில் ரத்தம் இறங்கியிருந்தால் அந்தக் கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியாது. சட்டை மாட்டினாலே கத்துவேன். புஷ்பா வந்து தோளை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை, சூடும் இல்லை.

“ஜெனிப்பா, இது தோளு இல்ல. எழுந்துரு, ஆட்டோ கூப்டறேன்.”

ஜெனி எங்கள் மகள், கல்லூரிக்குப் போயிருந்தாள். தனியாக என்னைத் தாங்கிக்கொண்டு புஷ்பா பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஈசிஜி எடுத்த இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாரடைப்பு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“சார், எனக்கு அது வராது” என்றேன். அவர் நான் பயத்தில் உளறுவதாக நினைத்தார்.

நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் மாத்திரைகளோடு வந்து, “வாயில போட்டு மெல்லுங்க” என்றார். “இன்னா மாத்திர அது?” என்று புஷ்பா கேட்டாள். நர்ஸ் பெயரைச் சொன்னார். அடுத்த நொடி என் வாய் புஷ்பாவின் உள்ளங்கைக்குள் இருந்தது. பொத்திய வேகத்தில் மூச்சு முட்டியது.

“ஏம்மா, நேரமில்லாத நேரத்துல கைய எடும்மா!” என்று டாக்டர் கத்தினார்.

“அவருக்கு ஹீமோபிலியா சார்! எட்டாவது காரணி கம்மி. காலையில ஃபேக்டர் ஏத்திக்கீறேன்.”

டாக்டர் பக்கத்துத் தட்டைத் திரும்பிப் பார்த்தார். அதில் அடைப்பைக் கரைக்கும் ஊசியும் தயாராக இருந்தது. என்னைப் போன்றவனுக்கு அதைப் போட்டால் அடைப்பு கரையலாம், ஆனால் மூளையில் ரத்தம் கசிந்துவிடவும் கூடும். அவர் அந்தத் தட்டையே அறையைவிட்டு அனுப்பிவிட்டுச் சென்னையில் பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தார். அங்கிருந்த ரத்தநோய் மருத்துவரோடு பேசினார். சட்டென்று உஷாரான அந்தப் பிள்ளைக்கு நான் இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுப் புஷ்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். “கரைக்கிற ஊசி வேண்டாம்மா. ஆனா மாத்திரை வேணும். நீங்க காலையில ஏத்தின ஃபேக்டர் இன்னும் அவர் உடம்புல ஓடுது. அதனால இப்ப மாத்திரையைத் தாங்குவார். குடுக்கலைன்னா அடைப்பு பெருசாகும்.”

புஷ்பா கையை எடுத்தாள். “நீங்களே குடுங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மென்றேன். புளிப்பும் கசப்புமாக இருந்தது. அண்ணன் ஞாபகம் வந்தது. இதையா மென்றான் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

ஆம்புலன்சில் கவரைப்பேட்டை தாண்டியது தெரியும். செங்குன்றத்தில் நெரிசலில் நின்றபோது புஷ்பா டிரைவரை ஏசியதும் கேட்டது. மற்றதெல்லாம் கலங்கலாக இருக்கிறது. மருத்துவமனையில் எடுத்த எடுப்பில் என் ரத்தத்தில் எட்டாவது காரணி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் ஃபேக்டர் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டார்கள். தொடை வழியாகவும் போவதுண்டாம். ஆனால் மணிக்கட்டில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், அழுத்தி நிறுத்தலாம். திரையில் என் இதயக் குழாய் தெரிந்தது. ஓரிடத்தில் பாதை அறுந்ததுபோல் இருந்தது. அந்த இடத்தில் ஸ்டென்ட் என்கிற சிறிய கம்பி வலைக் குழாயை விரித்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. அந்த நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

வார்டில் அடுத்த கட்டிலில் ஆர்.கே.பேட்டை விவசாயி ஒருவர் இருந்தார். உங்களுக்கு என்ன என்று விசாரித்தார். ரத்தம் உறையாத நோய் ஒன்றும், ரத்தம் உறைந்ததால் வந்த நோய் ஒன்றும் என்றேன்.

யோசித்தார். “அப்போ ரெண்டும் சேந்தா சரியாப் போயிருக்கணுமே?”

ரவுண்ட்ஸ் வந்த இதய மருத்துவரம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். நானும் இத்தனை காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்றேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

இதயக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை சுருங்குவது ஒரு வேலை. அதற்கும் ரத்தம் உறைவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கறி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் சேர்ந்து என் குழாயையும் மற்றவர்கள் குழாயைப் போலவே சுருக்கிவிட்டன. ஹீமோபிலியா இதைத் தடுக்காது. அடுத்தது, சுருங்கிய இடத்தில் அந்தப் படிவு வெடித்தால் உடம்பு அதைக் காயம் என்று நினைத்து மூடப் பார்க்கும். முதலில் தட்டணுக்கள் என்ற நுண்ணிய அணுக்கள் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையும் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, நார் நாராக வலை பின்னி அந்தக் குவியலை இறுக்கும். எனக்கு வலை பின்னுவதில்தான் குறை. தட்டணுக்கள் எல்லாருக்கும் இருப்பதுபோலவே நன்றாக இருக்கின்றன. அதுவும், ரப்பர் குழாயை விரலால் நசுக்கினால் தண்ணீர் வேகமாகப் பீச்சுகிறதல்லவா, அப்படிச் சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமாகப் பாயும். அந்த வேகத்தில்தான் தட்டணுக்கள் இன்னும் மும்முரமாக ஒட்டுமாம்.

“உங்க ரத்தத்துல கட்டி உருவாகறது மெதுவா, தளர்வா இருக்கும். அது ஓரளவுக்குப் பாதுகாப்பு. ஆனா முழுப் பாதுகாப்பு கிடையாது” என்றார்.

“அப்போ காலையில நாங்க போட்ட ஃபேக்டர்?” என்று புஷ்பா கேட்டாள். நான் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

மருத்துவரம்மா மறைக்கவில்லை. “வலை பின்ற சாமானை நீங்க கொண்டுபோய்க் குடுத்த மாதிரி ஆச்சு. அடைப்பு பெருசாக அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மாத்திரையைத் தாங்க வெச்சதும் அதே ஊசிதான். உங்க மேல தப்பு இல்லம்மா. உங்க வீட்ல வலின்னா யாரும் அதைத்தான் செய்வாங்க.”

புஷ்பா தலையை ஆட்டினாள். அவர் நகர்ந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “என் கையாலயே உன்ன கொன்னுருப்பேனே” என்றாள். “என் கையத் தூக்க வெச்சி பாத்ததும் நீதானே?” என்றேன். தூக்கியது ஃபேனுக்காக என்று அவள் திருத்தினாள். இப்போதும் திருத்துகிறாள்.

அடுத்த நாட்களை தராசு முள் நடுவில் நிற்கவேண்டிய நாட்களாகவே நினைத்துக்கொள்கிறேன். ஃபேக்டர் கூடினால் ஸ்டென்டில் அடைப்பு வரலாம், குறைந்தால் எங்காவது கசியலாம். காலையும் மாலையும் ரத்தம் எடுத்து அளவு பார்த்து ஊசியைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். மணிக்கட்டு நீலம் பாரித்தது. புஷ்பா பேனாவால் அதன் ஓரத்தில் கோடு போட்டு, நீலம் கோட்டைத் தாண்டுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். தாண்டவில்லை. நர்ஸ்களே அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்கள்.

செலவைப் பற்றிய பயமும் இருந்தது. காப்பீட்டு அட்டை ஸ்டென்டுக்கு உதவும், ஃபேக்டருக்கு உதவுமா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. எட்வின் விடுப்புப் போட்டுவிட்டு கவுன்டர் கவுன்டராக அலைந்தார். கடைசியில் ஃபேக்டர் அரசு மருத்துவமனை வழியாகவே வந்து சேர்ந்தது. அன்று மாலை அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார்.

“இன்னா மாப்ள, தண்ணியாட்டம் ஓடுதா?”

அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நிமிடம் அது. ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார், நல்ல மனுஷன். பள்ளிப்பட்டு ஓட்டுநர் ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆலையில் என் ஷிப்டை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஜெனி கல்லூரி முடிந்து நேராக வந்து, எனக்குப் பிடிக்காத ஓட்ஸ் கஞ்சியைப் பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவரம்மா கண்டிப்பாகச் சொன்னார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொஞ்ச காலத்துக்கு ஆஸ்பிரினோடு சேர்த்து இரண்டு, பிறகு ஒன்று. அந்த மாத்திரைகள் ஓடும்வரை மூட்டில் கசியாமல் இருக்க ஃபேக்டரும் அளவோடு முறையாகப் போட வேண்டும். “ஸ்டென்ட் புதுசு. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.”

ஃபேக்டரைப் புஷ்பா போட்டாள். பத்தியச் சாப்பாடு செய்தாள். ஆஸ்பிரினை மட்டும் தொட மாட்டேன் என்றாள். “அத்தைக்கு சத்தியம் பண்ணிக்கீறேன். என் கை வராது.” நீயே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் கை வரவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் கொடுத்தால் கண்ணை மூடி விழுங்கிவிட்டேன். வீட்டில் அந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்தாலே அண்ணன் கன்னத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம்தான் தெரிந்தது. ஜெனியிடம் கேட்க இருவருக்கும் மனசு இல்லை. அதனால் தினமும் காலையில் எட்வின் அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்து, என் உள்ளங்கையில் மாத்திரையை வைத்துவிட்டு, அடுத்த ரயிலில் வேலைக்குப் போனார். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு காலை அவர் வரவில்லை. போன் வந்தது. “மாப்ள, பொன்னேரிலயே ரயிலு நிக்குது. எப்போ எடுப்பான்னு தெரில. இன்னிக்கி முக்கியமான ட்யூட்டி, இப்டியே திரும்பணும். புஷ்பாகிட்ட போன குடு.”

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. புஷ்பா போனை வைத்தாள். சமையலறைக்குப் போனாள், வந்தாள். பக்கத்து வீட்டில் கேட்கலாமா என்று வாசல் வரை போய்த் திரும்பினாள். நான் நாஷ்டாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். இட்லி ஆறிப்போயிற்று. நெஞ்சில் எங்கோ லேசாகக் குத்துவதுபோல் இருந்தது. வாயுவாகத்தான் இருக்கும், ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

புஷ்பா பீரோவைத் திறந்து பட்டையை எடுத்தாள். சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்துக்கு எதிரே போய் நின்றாள்.

“அத்த, உனக்குக் குடுத்த சத்தியத்த நான் மறக்கல. அப்ப இது அவரு உசுர எடுத்துடும்னு சொன்ன. இப்ப இது இல்லனா எடுத்துடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. உன் ஒரு புள்ளய இதால உட்டுட்ட. இன்னொரு புள்ளய இது இல்லாம என்னால உட முடியாது. என்கூட சண்டைக்கு வராத.”

திரும்பி வந்து மாத்திரையை என் கையில் வைத்தாள். நான் விழுங்கித் தண்ணீர் குடித்தேன். அவள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் ஈறில் ரத்தம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“வாயத் தொற” என்றாள். “நாக்க தூக்கு. முழுங்கனியா, இல்ல பயந்துகினு உள்ளயே வெச்சிகினு கீறியா?”